கான்டஸாவுக்கு மாதம் ஒரு சுற்று

பேய் எல்லாம் ஒன்றும் இல்லை தம்பி. முதலில் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது அம்சவேணியுடையது, யாரையும் உட்கார விடுவதில்லை. ஒன்றுமில்லை, ஒரு பழக்கம். இதில் உட்காருங்கள்.

தர்மபுரியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, கணபதி ஏரியாவில் அந்தக் கான்டஸா கார் நிற்கிற ஷெட்டைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து விசாரித்து ஒண்டிப்புதூர் வரை வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும். வேண்டாம், விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நான் சொல்ல வேண்டும். தெரியும். உங்களுக்கு முன்னால் வந்தவர்களும் அதற்குத்தான் வந்தார்கள். ரேணுகா அம்மா அப்படி. வெற்றிலை பாக்கு வைத்து முதலில் அச்சாரம் கொடுத்தவன் நான். நானாக வேண்டாம் என்று சொல்லாமல் வண்டியை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார். அவருடைய கொழுந்தனார் தனசேகர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். அந்த அம்மாவுக்குச் சொன்ன சொல் சொன்னதுதான்.

சொல்கிறேன். சொல்லாமல் அனுப்ப மாட்டேன். ஆனால் வண்டியைப் பற்றி முழுவதும் தெரிந்துகொண்டு நீங்கள் முடிவு பண்ணுங்கள். உங்கள் வயதில் ஆசை கண்ணை மறைக்கும். யூடியூபில் யாரோ இதை இந்தியாவின் மசில் கார் என்று சொல்லியிருப்பான். பின் சக்கரம் தள்ளுகிற வண்டி, நீளமான பானட், பார்த்தால் சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நீங்கள் பார்த்தது கார் இல்லை. பாதி கார். சீட் கிடையாது. கண்ணாடி கிடையாது. வயரிங் மொத்தமும் ஒரு சிமென்ட் சாக்கில் கிடக்கிறது. உடம்பு முழுக்கச் சாம்பல் நிற பிரைமர், ஒரு கதவு மட்டும் கறுப்பு. அந்த ஒரு கதவுக்குப் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் நவநீதன் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நவநீதன் என்றால் ரேணுகா அம்மாவின் வீட்டுக்காரர். லேத் பட்டறை வைத்திருந்தவர். எங்கோ தென்னந்தோப்பில் கிடந்த கான்டஸாவை இழுத்து வந்து, சக்கரத்துக்கு மேல் தகட்டை வெட்டி அகலப்படுத்தி, எஞ்சினைப் பிரித்துக் கட்டி உள்ளே இறக்கியும் விட்டார். அப்போதுதான் கொரோனா இரண்டாவது அலை வந்தது. போனவர் திரும்பவில்லை. உடம்பையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே, அப்போது எல்லாருக்கும் அப்படித்தான். பொட்டலம் மாதிரிக் கட்டி நேராகக் கொண்டுபோய்விட்டார்கள். இந்த அம்மா ஆம்புலன்ஸின் பின் கதவைத்தான் பார்த்தாராம்.

நான் போன ஆனி மாதம்தான் முதலில் அங்கே போனேன். எனக்கு இந்த வண்டிகளில் ஒரு ஈடுபாடு. மெக்கானிக் கிடையாது. மில்லில் டைப்பிஸ்டாக இருந்தவன். உக்கடம் பழைய புத்தகக் கடையில் வண்டிப் புத்தகமாக வாங்கி வாங்கிப் படித்து நானாகக் கற்றுக்கொண்டதுதான். அம்சவேணி போய் ஆறு வருடமாகிறது, வீட்டில் வேறு என்ன வேலை? படிப்பேன். எங்கள் முதலாளியிடம் வெள்ளைக் கான்டஸா ஒன்று இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு டிரைவரோடு கொடுத்தனுப்பினார். சூலூர் மண்டபத்திலிருந்து இங்கே வரை வந்தோம். அம்சவேணி இடது பக்க ஜன்னலோரம். கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றில் பூ எல்லாம் பறக்க, என் காதில் சொன்னாள், "இது நம்ம வண்டியா இருந்தா நான் எங்கயும் இறங்கவே மாட்டேங்க" என்று. டிரைவருக்குக் கேட்டுவிட்டது, சிரித்துவிட்டார். அதற்கும் நான் கணபதிக்குப் போனதற்கும் சம்பந்தமில்லை. பழைய வண்டிக்கு இப்போது மவுசு. ஒரு முதலீடாகத்தான் நான் அதைப் பார்த்தேன்.

தனசேகர்தான் ஷெட்டைத் திறந்துவிட்டார். அண்ணன் போனதிலிருந்து யாரும் தொடவில்லை, நாலு வருடமாக அப்படியே நிற்கிறது என்றார். நாலு வருடம் அசையாமல் நின்ற எஞ்சின் என்ன ஆகும்? உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும். ரேடியேட்டர் கழற்றியிருந்ததால் முன்னால் நின்று வேலை பார்க்க வசதியாக இருந்தது. எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கலாம் என்று கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, காலை ஊன்றிக்கொண்டு, பலம் எல்லாம் திரட்டி இழுத்தேன். தம்பி, வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. நான் விழப் பார்த்தேன்.

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் புது ஆயில். தேன் நிறத்தில். பிளக் மேல் தூசி இல்லை. வண்டி முழுக்க விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி, எஞ்சின் மட்டும் நேற்றுத் துடைத்த மாதிரி இருக்கிறது. தனசேகரைப் பார்த்தேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் தொடலீங்க, சத்தியமா நான் தொடலீங்க" என்றார். அதற்கு மேல் அவர் ஷெட்டுக்குள் நிற்கவில்லை, வாசலில் போய் நின்றுகொண்டார். அந்த ஷெட்டை வாடகைக்குக் கேட்டு வந்த இரண்டு பேர் ஓடிப்போனதையும் அப்போதுதான் சொன்னார். அமாவாசையானால் உள்ளே ஸ்பேனர் சத்தம் கேட்கிறதாம். அண்ணன் இன்னும் வேலை பார்க்கிறார் என்று தெருவில் பேச்சு.

எனக்கு இந்த மாதிரி விஷயத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. செத்தவர்கள் செத்தவர்கள்தான். அடுத்த அமாவாசை மத்தியானம், டயர் அளவு எடுக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் போனேன். தெருவில் எல்லா வீட்டிலும் காக்கைக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஷெட் கதவு உள்பக்கம் சாத்தியிருக்கிறது. உள்ளே கடக், கடக் என்று சத்தம். நின்றுவிட்டு மறுபடி கடக். நம்பிக்கை இல்லாதவன்தான் நான், இருந்தாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஒரு பேச்சுக் குரல். "இன்னைக்குக் கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்க" என்று. மெதுவாக. பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்கிற மாதிரி.

கதவைத் தள்ளினேன். ரேணுகா அம்மா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிளக் நாலையும் கழற்றி ஒரு தட்டத்தில் வரிசையாக வைத்துவிட்டு, வண்டி முன்னால் குத்தவைத்து ஸ்பேனரை இழுத்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்துப் பதறவில்லை. நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டார், "நீங்க வாங்க வந்தவருங்களா, சும்மா பாக்க வந்தவருங்களா?"

வாங்க வந்தவன் என்றேன்.

"அப்ப அந்த ஆயில் கேனை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, ஒரு முழுச் சுற்று சுற்றி, பிளக்கைப் போட்டு, துணியால் துடைத்துவிட்டு எழுந்தார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். நவநீதன் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசினாராம். மூச்சு வாங்கியதாம். சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்றெல்லாம் கேட்கவில்லை. பட்டறையில் அமாவாசை பூஜை போடும்போது எஞ்சினையும் ஒரு சுற்று சுற்றிவிடு, இல்லாவிட்டால் ஜாம் ஆகிவிடும், மீதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். எப்படிச் சுற்றுவது என்பதையும் விட்டு விட்டுச் சொன்னாராம். அதுதான் கடைசிப் பேச்சு. பட்டறை போய்விட்டது, பூஜை போய்விட்டது, இது மட்டும் நடக்கிறது. மற்ற வீடுகளில் படையல் போட்டுக் காக்கைக்கு வைக்கிற நாளில் இந்த அம்மா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போகிறார். நவநீதனுக்குப் படையலே போட்டதில்லையாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை தம்பி. யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் இல்லையா? நான் வெளி ஆள், வயதானவன், இழப்பைப் பார்த்தவன். சொன்னேன். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவர் வரமாட்டார். போனவங்களைப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாது" என்று.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்களா? சாம்பல் சட்டிய நாந்தான் கையில வாங்குனேன்" என்றார். "அவரு வருவாருன்னு இல்லீங்க. இது ஜாம் ஆச்சுன்னா, நான் நிறுத்திப்போட்ட மாதிரி ஆயிருமுங்க. அதுக்குத்தான்."

பிறகு கேட்டார், "கொண்டுட்டுப் போனா ஓட்டுவீங்களா, வெச்சிருப்பீங்களா?"

ஓட்டுவேன் என்றேன். யாராவது எடுத்துப்போய் முடித்து, ஒரு தடவை ரோட்டில் ஓட்டிக் காட்டிவிட்டால் போதும், அதோடு இந்தச் சுற்றுகிற வேலையை நான் விட்டுவிடுவேன் என்றார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுதான், ஆனால் அது ஒரு பெரிய விஷயமா? கற்றுக்கொண்டால் போகிறது. அப்போதே கடைக்குப் போய் வெற்றிலை பாக்கு வாங்கி வந்து, ஒரு ரூபாய் வைத்து அச்சாரம் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அவருக்கு. ஷெட் கதவைப் பூட்டக்கூட மறந்துவிட்டார்.

உடனே எடுத்திருக்கலாம்தான். ஆனால் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது வண்டி வாங்குவார்களா? ஆவணியில் எடுக்கலாம் என்றிருந்தேன், அதற்குள் எங்கள் வீட்டுச் சந்தின் அகலத்தை அளந்து பார்த்தேன், இந்த வண்டி சந்தில் நுழைய வேண்டுமானால் பக்கத்து வீட்டுப் படிக்கட்டை இடிக்க வேண்டும். அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே மகாளய பட்சம் வந்துவிட்டது. பிறகு மழை. பிறகு மார்கழி. பார்த்து நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம் இது. அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

ஆனால் ஒன்று, அச்சாரம் கொடுத்தவன் என்ற பொறுப்பை நான் விடவில்லை. ஒரு அமாவாசை தவறியதில்லை. பதினோரு மணிக்கெல்லாம் போய்விடுவேன். ரோட்டுத் தூசி எஞ்சினில் விழக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வோம். நான் ஆயில் விடுவேன், டார்ச் பிடிப்பேன், எவ்வளவு சுற்ற வேண்டும் என்று சொல்வேன். சுற்றுவது மட்டும் அந்த அம்மாதான். அது அவருடைய உரிமை, நான் தலையிடக் கூடாது. ஸ்பேனருக்கு ஒரு பைப் மாட்டிக் கொடுத்தேன், இழுக்க எளிதாக இருக்கும் என்று. வேலை முடிந்ததும் அவர் சமையலைப் பார்க்கப் போவார், நான் சற்று நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். சீட் இல்லையே, ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன், பின்னால் இடது பக்க ஜன்னலை அடுத்து. உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். பிறகு இலை போடுவார்கள். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பாசிப்பருப்புப் பாயசம். வெங்காயம் சேர்க்காமல் அவ்வளவு ருசி. நான் சாப்பிட்டு முடிக்கிற வரை அந்த அம்மா வாசல்படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தப்பாக நினைக்காதீர்கள். அந்த மாதிரி எண்ணமெல்லாம் கிடையாது. தனசேகருக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. நான் போனாலே பைக்கை உதைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். வியாபாரம் தள்ளிப்போகிறதே என்ற ஆத்திரம், வேறென்ன.

டீக்கடையில் என்ன சொன்னார்கள்? இப்போது ஆண் குரலும் கேட்கிறதாமா? யார் சொன்னது? அமாவாசை மத்தியானம் மூடிய ஷெட்டுக்குள் ஒரு ஆண் யாரிடமோ குடும்ப விஷயம் பேசிக்கொண்டிருக்கிறாரா? பதில் குரல் இல்லாமலா? பாருங்கள், ஒரு ஊர் எப்படிக் கதை கட்டுகிறது. நான் ஒவ்வொரு அமாவாசையும் அதே மத்தியானம் அதே ஷெட்டுக்குள்தான் இருக்கிறேன். ஒரு குரலும் நான் கேட்டதில்லை.

ஐப்பசியில் ஒரு தடவை அந்த அம்மா சொன்னார், உடம்பு அசதியாக இருக்கிறது, இந்த மாதம் ஒரு தடவை விட்டுவிடலாமா, அப்படி என்ன ஆகிவிடப் போகிறது என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அன்பாகத்தான் சொன்னேன். இத்தனை வருடம் பாடுபட்டுவிட்டு ஒரு மாதத்தில் கெடுத்துக்கொள்ளலாமா அம்மா, நான் இருக்கிறேன் அல்லவா, வாருங்கள் என்று. எழுந்து வந்தார். நான் மட்டும் அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்த எஞ்சின் அன்றோடு போயிருக்கும்.

உங்களுக்கு முன்னால் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய கை, வீட்டில் வண்டியாக நிறுத்தி வைத்திருக்கிறவர். பிளாக்கில் விரிசல் இருக்கலாம் என்று சொன்னேன், போய்விட்டார். விரிசல் இருக்கிறதா என்றால், பிரித்துப் பார்க்காமல் யார் சொல்ல முடியும்? இருந்தாலும் இருக்கலாம். சேலத்துக்காரர் ஒருவரிடம் ஆர்.சி. புத்தகத்தில் சிக்கல் வரும் என்றேன். வரலாம். அந்த அம்மா நாளைக்கு யாரிடமும் பேச்சு வாங்கக் கூடாது பாருங்கள், அதற்காகத்தான்.

நீங்கள் வேறு மாதிரித் தெரிகிறீர்கள். கையைப் பார்த்தேன், நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிறது. நீங்கள் முடித்துவிடுவீர்கள். உங்களிடமும் கேட்டாரா, ஓட்டுவீங்களா வெச்சிருப்பீங்களா என்று? என்ன சொன்னீர்கள்? தொப்பூர்க் கணவாயில் ஏற்றிக் காட்டுகிறேன் என்றா? அதற்கு என்ன சொன்னார்? சிரித்தாரா? ரேணுகா அம்மாவா? நான் அவர் சிரித்துப் பார்த்ததில்லை.

வேறு என்ன சொன்னார்? என்னிடம் சொல்லச் சொல்லி ஏதாவது? தயங்காதீர்கள் தம்பி. அவர் சொன்னபடியே சொல்லுங்கள், நீங்கள் ஒன்றும் பூசி மெழுக வேண்டாம்.

"அவுரு பாவமுங்க, வேற போக்கிடம் இல்லாதவரு. ஆனா எனக்குக் கை வலிக்குதுன்னு சொல்லுங்க."

இவ்வளவுதானா.

கை வலி என்றால் பைப்பை இன்னும் நீளமாகப் போட்டுக்கொள்ளலாமே. நான் போய்ச் சொல்கிறேன். இல்லாவிட்டால் இந்தத் தடவை நானே சுற்றிவிடுகிறேன், அவர் பக்கத்தில் நின்றால் போதும்.

என்ன?

இந்தத் தை அமாவாசைக்கு ஷெட்டைத் திறக்கப் போவதில்லையா. படையல் போடப் போகிறாரா. நவநீதனுக்கா. வீட்டிலேயே. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறாரா. எனக்குச் சொல்லவில்லை. சரிதான், அது அவர்கள் வீட்டுக் காரியம், வெளி ஆளைக் கூப்பிட மாட்டார்கள். நானும் அதைத்தானே முதல் நாளே அவருக்குச் சொன்னேன், போனவர்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று. இப்போதாவது கேட்டாரே.

கொஞ்சம் இருங்கள் தம்பி. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

ம்.

எனக்கு வேண்டாம். விட்டுக்கொடுத்துவிட்டேன். இதுதானே வேண்டும் உங்களுக்கு? அந்த அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லை, போனைப் போட்டுக் கொடுங்கள், நானே... வேண்டாம், நீங்களே சொல்லுங்கள். பிளாக்கில் விரிசல் எதுவும் இல்லை. நல்ல எஞ்சின். நாளைக்கே லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போங்கள், நல்ல நாள்தான், பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கொண்டுபோனவுடனே ஸ்டார்ட் பண்ணிவிட மாட்டீர்களே? வயரிங் முடிய வேண்டும், ரேடியேட்டர் தேட வேண்டும், எப்படியும் சில மாதம் ஆகும். அதுவரை சும்மா நிறுத்திவைத்தால் இறுகிவிடும். உங்களுக்கு வேலை வெட்டி இருக்கும், மறந்துபோவீர்கள். சின்ன வயசு, மறக்கத்தான் செய்யும். மாதத்தில் ஒரு நாள்தான். காந்திபுரத்திலிருந்து தர்மபுரிக்கு நேர் பஸ் இருக்கிறதா, இல்லை சேலத்தில் இறங்கி மாற வேண்டுமா? பஸ் ஸ்டாண்டிலிருந்து உங்கள் பட்டறை நடக்கிற தூரம்தானே? முதல் பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். எனக்காக யாரும் சமைக்க வேண்டாம் தம்பி, வரும்போதே கட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.